உழைத்தவர் பலர், உறுதியில் ஒருவர்

ஒரு பொதுப்பணி பலருடைய கூட்டுழைப்பினால் உருவாகி, ஆண்டுக்கணக்காக அவர்களாலேயே பேணப்பட்டு வரும்பொழுது, அதன் உடைமையாளர் யார் என்னும் வினா எளிதில் எழுவதில்லை. எல்லாம் ஒழுங்காக நடைபெறும் காலத்தில் அவ்வினாவை எழுப்புபவர் வீண் சச்சரவு விளைப்பவராகவே கருதப்படுவார். கிராமத்து வாசிகசாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஊரவர் கல் சுமந்து, கிடுகு வேய்ந்து, காசு சேர்த்து அதனை எழுப்புகின்றனர். காணியின் உறுதி யார் பெயரில் எழுதப்பட்டுள்ளது என்பதை ஒருவரும் கேட்பதில்லை. காணிக்காரர் இறந்து, அவருடைய வாரிசுகள் வழக்குத் தொடுக்கும் நாளிலேதான் உழைப்பு ஒருவரிடமும் உரிமை வேறொருவரிடமும் இருந்தமை அனைவர்க்கும் தெரியவருகின்றது.

ஓலைக் கொட்டிலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை இணையத்துக்கும் பொருந்துவதாகும். இணையம் பெருமுதலாளிகளின் படைப்பு என்னும் எண்ணம் இன்று பரவலாக நிலவுகின்றது. அதன் பெரும்பகுதி பல்கலைக்கழகங்களிலும், மாணவர் அறைகளிலும், ஊதியம் கருதாத தொண்டர்களின் இரவு நேர உழைப்பிலும் உருவாயிற்று என்பதை நாம் மறத்தலாகாது. அத்தகைய தொண்டர் வலையமைப்பு ஒன்றின் வரலாற்றை, அதாவது பிரீநோட் என்னும் உரையாடல் வலையமைப்பு வளர்ந்ததும் 2021ஆம் ஆண்டிலே சிதைந்ததுமான வரலாற்றை, ஈண்டு நோக்குவோம்.

பிரீநோட்டின் மூலத்தை அறிய 1988ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் கோடைகாலப் பணியில் இருந்த யார்க்கோ ஒய்க்கரினன் என்னும் இளைஞர், பலர் ஒரே நேரத்தில் எழுத்து மூலம் உரையாடுவதற்கான செயற்றிட்டம் ஒன்றை எழுதினார். ஐ.ஆர்.சி. என்னும் பெயருடன் அது விரைவிலே பிற நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. அதன் அமைப்பு எளிமையானது. சேர்வர் எனப்படும் கணினி ஒன்று இடைவிடாது இயங்கிக்கொண்டிருக்கும். அதனோடு பலர் தத்தம் கணினிகளிலிருந்து இணைவர். ஒரு சேர்வர் மற்றொன்றோடும், அது வேறொன்றோடும் மரக்கிளைகள்போல் தொடுக்கப்பட்டிருக்கும். ஊலுவில் ஒருவர் எழுதிய வரி, சேர்வருக்குச் சேர்வர் கைமாறி, சில கணங்களில் கலிபோர்ணியாவில் உள்ளவரின் திரையில் தோன்றும். கிளைகளை இணைக்கும் தொடுப்பு ஒன்று அறுந்துவிட்டால் வலையமைப்பு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியில் உள்ளோர்க்கு மறுபாதியில் உள்ளோர் மறைந்துபோவர். மீண்டும் அதனைத் தொடுத்துவிட ஒருவர் எங்கோ விழித்திருக்கவேண்டும்.

இச்சாதனம் வெறும் பொழுதுபோக்கன்று என்பதை 1991ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டுத் தொடக்கத்தில் வளைகுடாப் போர் மூண்டபொழுது உலகின் பல பாகத்தவரும் ஐ.ஆர்.சி. மூலம் செய்திகளை உடனுக்குடன் பரிமாறிக்கொண்டனர். ஓகஸ்ட் மாதத்திலே சோவியத் ஒன்றியத்தில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி நடைபெற்று, செய்தி நிறுவனங்கள் கட்டுப்படுத்தப்பட்டபொழுதும், அங்கிருந்து செய்திகள் இவ்வழியாக வெளிவந்தன.

இவ்வலையமைப்பை நடத்தியவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகக் கணினிக்கூடங்களின் பொறுப்பாளரும் மாணவருமே. நடத்துவோர் இருக்குமிடத்தில் அதிகாரம் பற்றிய பிணக்கும் இருக்கும். 1990ஆம் ஆண்டிலே பேர்க்லியில் இருந்த 'ஏரிஸ்' என்னும் சேர்வர், எவர் வேண்டுமானாலும் தம் சேர்வரைத் தன்னுடன் இணைக்கலாம் எனக் கதவைத் திறந்துவிட்டது. அதனால் ஒழுங்கு குலைந்தது எனக் கருதியோர் தனியே பிரிந்து, 'ஏரிஸ் இல்லா வலையமைப்பு' எனப் பொருள்படும் ஈ.எப்.நெற்றை அமைத்தனர். நடத்துநரின் அதிகாரம் எவ்வளவு என்பதும், பெயர்கள் மோதும்பொழுது எம்முறையைக் கைக்கொள்வது என்பதும் காரணமாக 1996ஆம் ஆண்டிலே அந்த ஈ.எப்.நெற்றும் பிளவுண்டு, ஐரோப்பியச் சேர்வர்கள் பெரும்பாலும் ஒருபுறமாகப் பிரிந்தன. இப்பிளவுகளில் ஓர் உண்மையை நாம் அவதானிக்கலாம். ஐ.ஆர்.சி.யின் தொழிற்பாட்டு விதிகள் 1993ஆம் ஆண்டிலே பகிரங்க ஆவணமாக வெளியிடப்பட்டிருந்தன. எவரும் அவற்றைக் கொண்டு புதிய வலையமைப்பு ஒன்றை எழுப்பலாம். உற்பத்திச் சாதனம் பொதுவில் இருந்தமையாற் கருத்து வேறுபட்டோர் வெறுங்கையுடன் வெளியேற வேண்டியதில்லை.

இதே காலத்திற் கட்டற்ற மென்பொருள் இயக்கம் வலுப்பெற்றது. மென்பொருளைப் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் எல்லோர்க்கும் உரிமை உண்டு என்னும் கொள்கையுடன் றிச்சட் ஸ்ரோல்மன் 1983ஆம் ஆண்டிலே குனூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் லினக்ஸ் தோன்றியது. ஒருவரையொருவர் நேரிற் கண்டிராத ஆயிரக்கணக்கானோர் கூடி உழைக்கும் இவ்வியக்கத்துக்கு ஒரு கூடுமிடம் வேண்டியிருந்தது. லினக்ஸ் பயில்வோர்க்கு உதவ றொப் லெவின் என்னும் அமெரிக்கர் 1990களின் நடுப்பகுதியிலே தொடங்கிய சிறிய உரையாடல் அறை, பின்னர் தனி வலையமைப்பாயிற்று. 1998ஆம் ஆண்டில் அது புதிய பெயர் சூடியபொழுது அதிற் சுமார் 200 பேரே இருந்தனர். 2002ஆம் ஆண்டிலே அது பிரீநோட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. உச்சநிலையில் ஏறத்தாழ 90,000 பேர் ஒரே நேரத்தில் அங்கே கூடியிருந்தனர். உபுண்டு, விக்கிமீடியா, பைதன் முதலிய பெரும் முயற்சிகளின் தொண்டர்கள் அன்றாடம் சந்தித்த சந்தி அதுவே.

இத்தகைய அமைப்பை நடத்துவது எத்தகைய உழைப்பு என்பதைச் சிறிது விரிவாக நோக்குதல் தகும். கட்டிமுடித்த வீட்டிலே குடியிருப்பதுபோன்ற செயலன்று அது. நாள்தோறும் அணை கட்டும் வேலையை ஒத்தது. சேர்வர்களின் மென்பொருளில் ஓட்டை காணப்பட்டால், பகைவர் அறியுமுன் அதனை அடைக்கவேண்டும். பொய் இணைப்புகளைப் பெருவெள்ளம்போல் ஏவி வலையமைப்பை மூழ்கடிக்க முயல்வோரைத் தடுக்கவேண்டும். ஒருவருடைய பெயரை மற்றொருவர் களவாடாதபடி பதிவேட்டைப் பேணவேண்டும். 2014ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திலே ஒரு சேர்வருக்குள் அந்நியர் புகுந்தமை கண்டறியப்பட்டபொழுது, அதனை உடனே விலக்கி, கடவுச்சொற்களை மாற்றும்படி அனைவர்க்கும் அறிவித்தவர்கள் தொண்டர்களே.

இயந்திரத்தைப் பேணுவதிலும் மனிதரைப் பேணுவது கடினம். புதிதாக வந்த மாணவன் ஒருவன் அறியாமையாற் கேட்ட வினாவுக்காக இகழப்படாமல் இருக்கவேண்டும். வசைபாடுபவனை எச்சரிக்கவேண்டும், கேளாவிடின் விலக்கவேண்டும், விலக்கப்பட்டவன் நீதி கேட்டு வந்தால் அவனுக்கும் செவிசாய்க்கவேண்டும். பகல் முழுதும் தம் தொழிலைச் செய்துவிட்டு, இரவிலே இப்பணியை ஏற்றவர்கள் ஊதியம் பெற்றாரல்லர். சேர்வர்களும் பெரும்பாலும் நன்கொடையாக வந்தவையே. நன்றாகச் செய்யப்பட்ட பராமரிப்பு வேலை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தவறு நேரும்பொழுது மட்டுமே அது கவனத்துக்கு வரும். வீட்டிற் பெண்களும் நகரிற் சுத்திகரிப்புத் தொழிலாளரும் செய்யும் உழைப்புக்கு நேரும் கதியே இதற்கும் நேர்ந்தது.

ஆனால், இவ்வுழைப்புக்கு ஏற்ற உறுதியான அமைப்பு இருந்ததா என நோக்கின், விடை ஏமாற்றம் தருவதாகும். வலையமைப்பைத் தாங்குவதற்கென லெவின் இலாப நோக்கற்ற நிறுவனம் ஒன்றை அமைத்திருந்தார். 2006ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹியூஸ்டன் நகரிலே துவிச்சக்கர வண்டியிற் செல்கையில் மோட்டார் வாகனம் மோதி அவர் உயிர்நீத்தார். தொண்டர்கள் பணியைத் தொடர்ந்தனர். எனினும், அந்நிறுவனம் 2013ஆம் ஆண்டிலே கலைக்கப்பட்டது. பின்னர், வலையமைப்பின் பெயரைத் தாங்கிய வரையறுக்கப்பட்ட கம்பனி ஒன்று பிரித்தானியாவிலே பதிவாகி, 2017ஆம் ஆண்டில் நன்கொடையாளரான ஒரு வணிகரின் கைக்கு மாறியது. மாநாடு நடத்துதல் போன்ற அலுவல்களுக்கே அக்கம்பனி உரியது என்றும், வலையமைப்பின் அன்றாட நிருவாகத்தில் மாற்றம் எதுவும் இராது என்றும் தாம் அறிந்திருந்ததாகத் தொண்டர்கள் பிற்காலத்திற் கூறினர். கணக்குகள் தீர்ந்தன, மாநாடு நடந்தது, சேர்வர்கள் இயங்கின. உறுதியை எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் அப்பொழுது எவர்க்கும் தோன்றவில்லை.

வேறு வழி இருக்கவில்லை என்று கூறமுடியாது. 2001ஆம் ஆண்டிலேயே இவ்வலையமைப்பிலிருந்து பிரிந்த சிலர் ஓ.எப்.ரி.சி. என்னும் மற்றொன்றை நிறுவினர். அவர்கள் எழுத்து வடிவில் ஒரு யாப்பை இயற்றி, பொதுநல நிறுவனம் ஒன்றின் கீழ்த் தம்மை அமைத்துக்கொண்டனர். டெபியன் என்னும் பெரும் மென்பொருட் சமூகம் 2006ஆம் ஆண்டிலே தன் உத்தியோகபூர்வ உரையாடலை அங்கே மாற்றிக்கொண்டது. யாப்பு எழுதுவது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும், அச்சலிப்பைத் தாங்கிக்கொண்டவர்கள் பின்னர் வந்த புயலுக்குத் தப்பினர்.

புயல் 2021ஆம் ஆண்டு மே மாதத்திலே வீசியது. வலையமைப்பு சட்டப்படி தமக்கே உரியதென்றும், அதனைக் காப்பதே தம் நோக்கமென்றும் கம்பனியின் உரிமையாளர் வாதித்தார். கம்பனியை வாங்கியதனால் தொண்டர்கள் கட்டிய சமூகத்தை வாங்கியதாகாது என மறுபுறத்தார் வாதித்தனர். சட்ட நுணுக்கத்தை ஆராய்வது நமது நோக்கமன்று. நடந்தவற்றையே நோக்குவோம். மே 19ஆந் திகதி தொண்டர்களிற் பெரும்பாலோர் ஒருங்கே பதவி விலகி, அன்றே லிபெரா சட் என்னும் புதிய வலையமைப்பைத் தொடங்கினர். மே 26ஆந் திகதி, லிபெராவின் பெயரை அறிவிப்பிற் குறிப்பிட்டிருந்த நூற்றுக்கணக்கான உரையாடல் அறைகள் பழைய வலையமைப்பின் புதிய நிருவாகத்தினராற் கைப்பற்றப்பட்டன. ஜூன் மாதத்திலே அங்கு மென்பொருள் மாற்றப்பட்டு, பல்லாண்டாகப் பேணப்பட்ட பெயர்ப் பதிவேடும் கைவிடப்பட்டது. விக்கிமீடியா, உபுண்டு, குனூ எனச் சமூகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. சில மாதங்களுக்குள் புதிய வலையமைப்பு பழையதை விஞ்சி வளர்ந்தது.

இது தொண்டர்களின் வெற்றி எனக் கூறி மகிழ்வோர் உளர். அது பாதி உண்மையே. நெசவாளி ஆலையை விட்டு வெளியேறினால் தறி முதலாளியிடமே தங்கிவிடும். இங்கோ தறியும் நெசவாளியோடு வெளியேற முடிந்தது. விதிகள் பகிரங்கமானவை, மென்பொருள் கட்டற்றது, திறமை தொண்டர்களின் மூளையிலும் விரலிலும் இருந்தது, ஆதலால் ஒரே நாளிற் புதிய வீடு எழுந்தது. ஆனால், பெயர் அவர்களுக்குக் கிட்டவில்லை. பழைய முகவரி எண்ணற்ற கைந்நூல்களிலும் அறிவுறுத்தல்களிலும் பொறிக்கப்பட்டிருந்தது. அதனை நம்பி வந்த புதியவர் வெறும் அறையின் கதவையே தட்டியிருப்பார். தொண்டர்களின் உழைப்பு ஈட்டிய நன்மதிப்பு முழுதும் ஒரு சொல்லிலே திரண்டிருந்தது. அச்சொல் பிறர் உடைமையாயிற்று. முன்னைய பிளவுகளிற் காணப்படாத இழப்பு இதுவாகும்.

லிபெராவை அமைத்தோர் இதனைக் கண்கூடாகக் கற்றவர்கள். சுவீடன் நாட்டுச் சட்டப்படி இலாப நோக்கற்ற சங்கமாக அதனைப் பதிவுசெய்து, வலையமைப்பை நடத்தும் தொண்டர்களையே அதன் அங்கத்தவராக்கினர். அங்கத்தவர் ஒருவருக்கு ஒரு வாக்கு. இக்கோட்பாடு புதியதன்று. 1844ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கூட்டுறவுக் கடை ஒன்றைத் திறந்தபொழுது கைக்கொண்ட வழி அதுவே. பணம் எவ்வளவு போட்டார் என்பதைக் கொண்டு ஒருவருடைய குரலை அளக்கலாகாது என்பதை அவ்வேழைத் தொழிலாளர் அன்றே உணர்ந்திருந்தனர்.

எனினும், லிபெராவின் யாப்பிலும் ஒரு குறை உண்டு. வாக்குரிமை நடத்துவோர்க்கே உரியது. அங்கே நாள்தோறும் கூடும் பல்லாயிரவர்க்கு அவ்வுரிமை இல்லை. அவர்கள் தம் கருத்தைக் கூறலாம், ஒவ்வாவிடின் வெளியேறலாம். பொது நிறுவனம் ஒன்றைப் பயன்படுத்துவோரும் எவ்வாறு அதன் ஆட்சியிற் பங்குகொள்வது என்னும் வினா இன்னும் விடை காணாது நிற்கின்றது. ஒருமுறை வந்து உதவி கேட்டுப் போகின்றவனுக்கும் பத்தாண்டு விழித்திருந்தவனுக்கும் ஒரே வாக்கா என்று கேட்பது நியாயமே. ஆனால், அக்கேள்வியின் பின்னால் ஒளிந்து, எவர்க்கும் வாக்கு வேண்டாம் என்று முடிப்பது நியாயமாகாது.

இவ்வரலாறு தொலைநாட்டுக் கணினி வல்லுநரின் கதையாக மட்டும் நின்றுவிடவில்லை. நம் நாட்டுத் தமிழ் ஆவணங்களை எல்லோர்க்கும் திறந்துவைக்கும் நூலகம் என்னும் எண்ணிம நூலகமும் 2005ஆம் ஆண்டிலே தன்னார்வலராற் தொடங்கப்பட்டதே. ஆசிரியர் பலர் இன்று பாடக்குறிப்புகளைத் தொகுக்கின்றனர்; மாணவர் சங்கங்கள் தம் வெளியீடுகளை இணையத்திலே சேமிக்கின்றன. அவற்றின் முகவரி யார் பெயரிற் பதிவாகியுள்ளது? கடவுச்சொல் எத்தனை பேரிடம் உள்ளது? ஆண்டுக் கட்டணம் செலுத்துபவர் வெளிநாடு சென்றுவிட்டால், அல்லது மனம் மாறிவிட்டால், எஞ்சுவது என்ன? எல்லோரும் நண்பர்களாக இருக்கும் காலத்திலேயே இவ்வினாக்களைப் பொதுச்சபைக் கூட்டத்தில் எழுப்பி, விடையை எழுத்திற் பதிந்து, ஆண்டுதோறும் வாசித்துக் காட்டுதல் வேண்டும். அவ்வாறு கேட்பவரைச் சந்தேகப் பிராணி எனப் பழித்தலாகாது. பலர் சிந்திய வியர்வை ஒருவர் கையொப்பத்தினாற் கைமாறிவிடாதபடி காப்பவர் அவரே.