செயல்முறை வரைபடமும் திருத்த உரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நிறுவனத்தில் நிகழும் பணி எங்குத் தொடங்கி, யார் யார் கைவழியே சென்று, எங்கு முடிகின்றது என்பதைக் கட்டங்களாலும் அம்புக்குறிகளாலும் காட்டுவது செயல்முறை வரைபடம் எனப்படும். தாளில் வரையப்பெற்று வந்த இவ்வரைபடம் இன்று பலரும் கூடி வரையும் கணிப்பொறி மென்பொருளில் அமைகின்றது. அங்ஙனம் பலர் கூடி வரையுமிடத்து, 'இதனைத் திருத்தும் உரிமை யாருக்கு உரியது?' என்னும் வினா எழுகின்றது. இதனை வெறும் பொறிநுட்ப வினாவாகக் கொள்வாரே பலர். ஆயின், வரலாற்றை நோக்குவார்க்கு இதனுள் வேறுபட்ட இரண்டு வினாக்கள் ஒன்றாய் மயங்கிக் கிடத்தல் புலனாகும். அவற்றைப் பிரித்துக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரைபடத்தின் தோற்றம்

1921ஆம் ஆண்டில், பிராங்க் கில்பிரெத், இலில்லியன் கில்பிரெத் என்னும் கணவன் மனைவியர் செயல்முறை வரைபடம் பற்றிய கட்டுரையொன்றை அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்திற்கு அளித்தனர். ஒரு பணியைச் செய்தற்குரிய தலைசிறந்த வழியைக் காண விழைவார், முதற்கண் அப்பணியின் படிகளை வரைந்து நோக்குதல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. அந்நிலையில் வரைபவர் பொறியாளர். வரையப்படுவது தொழிலாளர்தம் செயல். 1930களில் ஆலன் மோகென்சன் என்பார், நியூயார்க் மாநிலத்து லேக் பிளாசிட் என்னும் ஊரில் நடத்திய பயிற்சிக் கூட்டங்களில் வேறொரு கொள்கையை வற்புறுத்தினார். ஒரு தொழிலை நன்கறிந்தவர் அதனைச் செய்பவரே. ஆதலின் அதனைச் சீர்திருத்துவதில் அவருக்கும் பங்குண்டு என்பதே அது. கணிப்பொறி அலுவலகங்களுட் புகுமுன்னரே திருத்த உரிமை பற்றிய வழக்குத் தோன்றிவிட்டமை இதனால் அறியப்படும்.

பூட்டின் தோற்றம்

எம்.ஐ.டி. என வழங்கும் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961இல் செய்துகாட்டப்பெற்ற காலப் பகிர்வு முறை, ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே வேளையில் ஆளும் நிலையைத் தந்தது. அதன் தலைவராய் விளங்கிய பெர்னாண்டோ கோர்பட்டோ, 1990இல் டியூரிங் பரிசு பெற்று ஆற்றிய உரையில் 1960களின் நிகழ்ச்சியொன்றை எடுத்துரைத்தார். ஒருநாள் பிற்பகலில் கணிப்பொறியினுட் புகுந்தோர்க்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்கு மாறாகப் பயனர் அனைவருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன. திருத்தும் கருவியை ஒரே இடத்தில் ஒருவரே ஆள்வர் என்று கருதி அமைத்திருந்தனர். ஆயின், இருவர் ஒரே வேளையில், ஒருவர் அறிவிப்பையும் மற்றவர் கடவுச்சொற் கோப்பையும் திருத்தலாயினர். கருவி படைத்த இடைக்காலக் கோப்புகளுக்கு ஒரே பெயர் அமைந்தமையால் ஒன்று மற்றொன்றாய் மாறிற்று.

ஈண்டு எவரும் தீங்கு கருதினாரல்லர். உரிமை இல்லாதார் எவரும் புகுந்தாருமல்லர். இருவர் கை ஒருங்கே எழுதுதலைக் கருவி தாங்காமையே பிழைக்குக் காரணம். இதனை 'மோதல்' எனக் குறிப்போம். மோதலைத் தவிர்த்தற்கு எழுந்ததே பூட்டு. பெல் ஆய்வகத்தில் 1972இல் மார்க் ராக்கைண்டு அமைத்த முறையிலும், 1982இல் வால்டர் டிக்கி வெளியிட்ட முறையிலும், ஒருவர் திருத்துதற்கு எடுத்த படியைப் பிறர் அதே வேளையில் திருத்தாவண்ணம் பூட்டுதல் வழக்கமாயிற்று.

இதனின் வேறாயது அதிகாரம் பற்றிய வினா. மல்ட்டிக்ஸ் என்னும் அமைப்பிற்காக 1965இல் டேலியும் நியூமனும் வகுத்த திட்டத்தில், ஒவ்வொரு கோப்பிற்கும் உரியோர் பட்டியல் ஒன்று உண்டு. அதன்கண் படித்தல், எழுதுதல், இறுதியிற் சேர்த்தல் என்பன தனித்தனி உரிமைகளாகக் கொள்ளப்பட்டன. உள்ளதை அழியாது சேர்த்தல் வேறு, உள்ளதையே மாற்றுதல் வேறு என்னும் இப்பாகுபாடு நுண்ணியது.

பூட்டு நெகிழ்தல்

1989இல் எல்லிசு, கிப்சு என்னும் இருவர், பூட்டின்றியே பலர் ஒரே ஆவணத்தைத் திருத்தும் வழியை வெளியிட்டனர். ஒருவர் ஒரு வரியின் ஐந்தாம் எழுத்தை நீக்குங்கால், மற்றொருவர் அவ்வரியின் தொடக்கத்தில் ஓரெழுத்தைச் சேர்ப்பாராயின், நீக்கக் கருதிய எழுத்து ஆறாம் இடத்திற்கு நகரும். கட்டளையையும் அதற்கேற்ப ஆறாம் இடத்திற்கு மாற்றிக்கொள்ளுதலே அம்முறையின் உயிர்நிலை. மேலும், பழைய படிகளைப் பேணுதல் எளிதாயினமையின், தவறிய திருத்தத்தை மீட்டலும் இயல்வதாயிற்று.

எனினும் வரைபடம் எழுத்துத் தொடர் மட்டுமன்று. ஒருவர் ஒரு கட்டத்தை நீக்க, அதே வேளையில் மற்றொருவர் அக்கட்டத்திற்கு அம்புக்குறி வரைதல் கூடும். பொறி இரண்டையும் ஏற்று இணைக்கலாம்; பொருள் பொருந்துமா என்பதைப் பொறி அறியாது. ஆகவே, திருத்தியதை ஆராய்ந்து ஒப்புவார் ஒருவர் தேவை என்பது உடன்பாடே. ஆயின், ஒப்புதலுக்கு ஒருவர் வேண்டும் என்பதனால் திருத்துதற்கும் ஒருவரே வேண்டும் என்பது பெறப்படாது.

எஞ்சிய வினா

1975இல் சால்ட்சர், சுரோடர் என்போர் ஒவ்வொருவர்க்கும் அவர்தம் பணிக்கு இன்றியமையாத உரிமையே அளித்தல் வேண்டும் என்னும் நெறியை விளக்கினர். இதனைக் காட்டி, வரைபடத்தைப் பார்க்கும் உரிமை மட்டுமே பணியாளர்க்குப் போதும் என்பாரும் உளர். இஃது அந்நெறியின் பொருளன்று என்பது எம் கருத்து. தம் பணி வரைபடத்திற் பிழைபடக் காட்டப்பட்டுள்ளமையைச் சுட்டுதலும் பணியாளர்தம் பணியேயாம்.

ஒரு மருத்துவமனை வரைபடத்தில், மருந்தாளுநர் சரிபார்த்த பின்னரே செவிலியர் மருந்தளிப்பர் என்று குறிக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். நள்ளிரவில் மருந்தாளுநர் இல்லை என்பதைச் செவிலியர் அறிவர். ஆயின் வரைபடத்திற் கைவைக்கும் உரிமை அவர்க்கில்லை. பின்னொரு நாள் பிழை நேருங்கால், அவ்வரைபடமே அவர்க்கு எதிரான சான்றாகும். திருத்த உரிமை அறம் பற்றிய வினாவும் ஆதல் இதனாற் காண்க.

இதற்கு வழி வரைபடத்தினுள்ளேயே உள்ளது. 2004இல் வெளியாகி, 2011இல் இரண்டாம் பதிப்புப் பெற்ற பி.பி.எம்.என். என்னும் வரைபடக் குறியீட்டு முறையில், ஒவ்வொரு பணியும் அதற்குரியார்தம் தடத்துள் வரையப்படலாம். 1992இல் பெராயோலோ, கூன் என்போர், உரிமையை ஆளுக்கு அளியாது பொறுப்புக்கு அளிக்கும் முறையை வகுத்தனர். இவ்விரண்டையும் இணைப்பின், தத்தம் தடத்தைத் திருத்தும் உரிமை அப்பொறுப்பினர்க்கே உரியதாகும். ஒரு தடத்தினின்று மற்றொன்றிற்குச் செல்லும் அம்புக்குறியை மாற்றுதற்கு இருசாரார் இசைவும் வேண்டும். ஒப்பிய படியும் வரைவுப் படியும் வேறாக நிற்றல் வேண்டும். திருத்தினார் பெயரும் நாளும் காரணமும் பதிவாதல் வேண்டும். பாடவேறுபாடுகளைக் குறியாது தாம் கொண்ட பாடத்தை மட்டும் அச்சிட்ட பதிப்பை நாம் எங்ஙனம் ஐயுறுகின்றோமோ, அங்ஙனமே திருத்த வரலாறு இல்லாத வரைபடமும் ஐயுறத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பூட்டு கருவியின் குறைபற்றித் தோன்றியது என்பதும், அக்குறை பெரிதும் நீங்கிய பின்னரும் அது அதிகாரத்தின் அடையாளமாக நிலைபெற்றது என்பதும் பெறப்பட்டன. மோதலைப் பொறியிடம் விடலாம். பொருத்தத்தை ஒப்புவாரிடம் விடலாம். உண்மையை அறிந்தாரிடமிருந்து எழுதுகோலைப் பறித்தல் ஆகாது. மோகென்சன் 1930களில் எழுப்பிய வினாவிற்கு விடை கூறும் பொறுப்பு, மென்பொருளில் உரிமைகளை வகுப்பார் ஒவ்வொருவர் மீதும் இன்றும் உள்ளது.