கூப்பர் ஹியூவிட் வடிவமைப்பு அருங்காட்சியகம்

நியூயார்க் நகரில் உள்ள கூப்பர் ஹியூவிட், ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வடிவமைப்பு அருங்காட்சியகம். துணி, சரிகை, சுவர்த்தாள், பொத்தான், நாற்காலி, வரைபடம் என 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இங்குள்ளன. பழைய வடிவங்களை மக்கள் கையில் கொடுத்துப் புழங்கவிடுவதில் இதற்கு இணையான அருங்காட்சியகங்கள் மிகச் சிலவே.

அந்த வழக்கம் கணினி வருவதற்கு முன்பே தொடங்கியது. அருங்காட்சியகத்தை நிறுவியவர்கள் சாரா, எலினார் ஹியூவிட் சகோதரிகள். உழைக்கும் மக்கள் கட்டணமின்றிப் படிப்பதற்காக 1859-இல் கூப்பர் யூனியன் கல்லூரியைத் தொடங்கிய தொழிலதிபர் பீட்டர் கூப்பரின் பேத்திகள் இவர்கள். தந்தை ஏப்ரம் ஹியூவிட் நகர மேயராக இருந்தவர். பாரிஸின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 1897-இல் தாத்தாவின் கல்லூரிக் கட்டடத்திலேயே அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். பொருள்களைப் பூட்டிவைத்துக் காட்டுவது அவர்கள் நோக்கமல்ல. நெசவு வடிவம் தேடி வருபவரும் மரச்செதுக்கு பழகும் மாணவரும் வேண்டியதை எடுத்துப் பார்த்து, அளந்து, நகல் வரைந்துகொள்ளும் பட்டறையாகவே அதை நடத்தினார்கள். அலங்கார வடிவப் படங்களை வகைவாரியாக ஒட்டிய பெரிய ஏடுகளும் இருந்தன. வங்கியாளர் ஜே. பி. மார்கன் ஐரோப்பாவில் வாங்கிய அரிய துணித் தொகுப்புகளை அளித்த பிறகு துணிப்பிரிவு பெரும் செல்வமானது.

1963-இல் கல்லூரி அருங்காட்சியகத்தை மூடியது. எதிர்ப்புக் கிளம்பியதால் ஸ்மித்சோனியன் அதை ஏற்று, 1976-இல் எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் மாளிகையில் மீண்டும் திறந்தது.

சகோதரிகளின் எண்ணத்துக்குப் புது உருவம் தந்தது, பெரும் புதுப்பிப்புக்குப் பின் 2014 டிசம்பரில் நடந்த மறுதிறப்பு. அடுத்த ஆண்டு வந்த மின்னணுப் பேனாவின் ஒரு முனையைப் பொருளின் விவரப் பலகையில் வைத்து அழுத்தினால், பலகைக்குள் இருக்கும் சில்லு வழியே அப்பொருள் பார்வையாளரின் கணக்கில் சேர்ந்துவிடும். நுழைவுச்சீட்டில் உள்ள குறியீட்டைக் கொண்டு அதை வீட்டிலிருந்தே இணையத்தில் திரும்பப் பார்க்க முடிந்தது. மறுமுனையால் தொடுதிரை மேசையில் ஒரு வளைகோடு இழுத்தால், அதே வளைவு கொண்ட பொருள் சேகரிப்பிலிருந்து எழுந்து வரும்.

இதைவிடவும் மனம் கவர்ந்தது சுவர்த்தாள் அறை. கிடங்கில் சுருட்டி வைத்த சுவர்த்தாள் துண்டு, சின்னஞ்சிறு மாதிரியாகவே பெரும்பாலோர் கண்ணில் படும். இங்கோ மேசையில் ஒரு வடிவத்தைத் தொட்டதும் சுவர் முழுக்க அது விரிந்தது. குழந்தை கிறுக்கிய பூவும் அப்படியே அடுக்கடுக்காகப் படர்ந்தது. சுவர்த்தாள் எதற்காக அச்சிடப்பட்டதோ அந்த அளவில் அதைக் காட்டுவதற்கு இதுவே சரியான வழி.

சேகரிப்பின் தரவுகளை யாரும் தடையின்றிப் பயன்படுத்த 2012-இலேயே வெளியிட்டுவிட்டார்கள். மின்னணுப் பேனாவோ கோவிட் பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் புழக்கத்தில் இல்லை.