முத்துக் குளித்தவரும் மூழ்கும் கடிகாரமும்

கடற்காற்று வீசாத ஊர் நம் வெதுருகுப்பம். குன்றுகளும் மாந்தோப்புகளும் சூழ்ந்த இப்பகுதியில் வளரும் பிள்ளைகள், கடல் என்பதனை முதலில் பள்ளிப் புத்தகத்தில் கண்டு, பின்னர்ச் சென்னைக்குச் செல்லும்போதுதான் நேரிற் காண்கின்றனர். (தெலுங்கர் மூங்கிலை 'வெதுரு' என்பர், சங்கப் புலவர் அதனையே 'வெதிர்' என்றனர். இரு மொழியும் உறவு கொண்டாடும் ஊரில் இதனை நினையாது இருக்க இயலவில்லை.) இத்தகைய ஊரின் தமிழ்ச் சங்க ஆண்டு விழா மலரில், ஆழ்கடலில் மூழ்குவோர் அணியும் கைக்கடிகாரத்தைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். காரணம், என் தந்தையார் விட்டுச் சென்ற கைக்கடிகாரமே.

அதன் முகப்பில் 'ஃபாவ்ரே லூபா' என்னும் நிறுவனத்தின் பெயரும், கீழே 'சீ கிங்' என்னும் பெயரும் இருந்தன. கடலரசன் என்பது பொருள். ஆனால் அக்கடலரசன் கடலைக் கண்டதில்லை, கிணற்றையும் கண்டதில்லை. தந்தையார் நீராடச் செல்லுமுன் அதனைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டே செல்வார். நீர் பட்டால் கெட்டுவிடும் என்பது அவர் அச்சம். அப்படியாயின் கடலின் பெயரை அதற்கு ஏன் சூட்டினர் என்று சிறு வயதில் எழுந்த ஐயமே, பிற்காலத்தில் பழைய நீர்மூழ்கிக் கடிகாரங்களின் வரலாற்றைத் தேட என்னைத் தூண்டியது.

நீருக்கடியில் காலத்தை அளக்கும் தேவை நம்மவர்க்கு முன்பே உண்டாயிற்று. கொற்கை முத்தின் புகழை நாம் நன்கறிவோம். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர், கயிற்றிற் கட்டிய கல்லின்மேல் காலூன்றி, மூச்சை அடக்கிக் கடலடிக்குச் செல்வார். கிடைத்த சிப்பிகளை வலைப்பையில் இட்டபின் கயிற்றை அசைப்பார். தோணியில் நிற்பவர் அவரை மேலே இழுப்பார். இவையனைத்தும் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்தாக வேண்டும். அவருக்குக் கடிகாரம் அவருடைய மூச்சே; காவல், மேலே கயிறு பிடித்தவரின் கையே. தூத்துக்குடியில் தொடர்ச்சியாக நடந்த கடைசி முத்துக்குளிப்புகள் 1955 முதல் 1961 வரை நிகழ்ந்தன. அத்தொழில் அங்கே முடிவுற்ற அதே ஆண்டுகளில்தான் ஐரோப்பாவில் மூழ்குவோருக்கான கைக்கடிகாரம் உருப்பெற்று வந்தது.

நீர் புகாத கடிகாரம் அதற்கும் முந்தியது. ரோலெக்ஸ் நிறுவனம் 1926இல் 'ஆய்ஸ்டர்' என்னும் கடிகாரத்தை வெளியிட்டது. ஆய்ஸ்டர் என்பது சிப்பி. நம் முத்துக்குளிப்பவர்க்குப் பழகிய பொருளே. மறு ஆண்டு, மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்னும் ஆங்கில நங்கை இக்கடிகாரத்தை அணிந்து ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார் என்று பலரும் எழுதுகின்றனர். உண்மை சற்று வேறு. 1927 அக்டோபர் 7ஆம் நாள் அவர் கால்வாயைக் கடந்தபோது அக்கடிகாரம் அவரிடம் இல்லை. அவருடைய வெற்றியைச் சிலர் ஐயுற்றதனால், அம்மாதம் 21ஆம் நாள் மீண்டும் நீந்தினார். அன்றுதான் கடிகாரத்தைக் கழுத்தில் அணிந்திருந்தார். கடுங்குளிரால் அன்று அவர் கரை சேர இயலவில்லை. படகில் ஏற்ற வேண்டியதாயிற்று. ஆயினும் கடிகாரம் நிற்கவில்லை. தோற்ற நீச்சலே கடிகாரத்திற்குப் பெரும் விளம்பரமாயிற்று! வாணிகத்தின் போக்கு எந்நாளும் இவ்வாறே.

1943இல் பிரெஞ்சு நாட்டினரான கூஸ்தோவும் கான்யானும், காற்றுக் கலத்தை முதுகிற் சுமந்து நீருக்கடியில் மூச்சுவிடும் கருவியை அமைத்தனர். அதனால் ஒரு நிமிடம் என்னும் எல்லை உடைந்தது. ஆனால் புதியதோர் இடர் பிறந்தது. மூச்சை அடக்கியவனுக்கு எப்போது மேலே வரவேண்டும் என்பதை நெஞ்சே உணர்த்தும். கலத்துக் காற்றைக் குடிப்பவனோ, கடலின் அழகில் மயங்கி நேரத்தை மறந்துவிடக்கூடும். பிளாங்பேன் நிறுவனத்தின் தலைவராயிருந்த ழான் ழாக் ஃபீஷ்டர் தாமே ஒருமுறை இவ்வாறு மறந்து, காற்றுத் தீர்ந்து, அரிதின் உயிர் தப்பியவர். அந்நிறுவனம் 1953இல் 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்' என்னும் கடிகாரத்தை ஆக்கியது. பிரெஞ்சுக் கடற்படையின் மூழ்கு வீரர் அதனை ஏற்றனர். இரு கைகளையும் விரித்த நீளமே ஃபேதம். நம் கடற்கரை மக்கள் 'பாகம்' என்று ஆழம் அளப்பதும் அதுவே. ஐம்பது பாகம் என்றால் ஏறத்தாழ 91 மீட்டர். ரோலெக்ஸின் 'சப்மரைனர்' 1954இல் மக்கள் பார்வைக்கு வந்தது.

இக்கடிகாரங்களின் உயிர்நிலை, முகப்பைச் சுற்றியுள்ள திருகு வளையமே. மூழ்குமுன் வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேரே திருப்பி வைத்தால், பின்னர் எத்தனை நிமிடம் கழிந்தது என்பதனை ஒரே பார்வையில் அறியலாம். பின்னாளில் வளையம் ஒரு பக்கமே திரும்புமாறு செய்தனர். தவறிப் பாறையில் இடித்து நகர்ந்தாலும், கழிந்த நேரம் மிகுதியாகவே காட்டும், குறைத்துக் காட்டாது. அதனால் மூழ்கியவர் முன்னதாக மேலேறுவாரேயன்றித் தாமதியார். நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாகும். ஆதலின் தடித்த கண்ணாடியும், திருகி இறுக்கும் சாவிக் குமிழும், இரப்பர் வளையங்களும் வேண்டியிருந்தன.

புதிய மூச்சுக் கருவி தமிழர்க்கும் ஓர் அரும்பயன் அளித்தது. போர்த்துக்கீசியர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்துக் கடலில் தள்ளிய திருக்கோணேசுவரர் கோயிலின் கற்றூண்களை, 1956இல் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலைக் குன்றின் அடியில் மூழ்கிக் கண்டனர்.

இனிக் கடலரசனுக்கு வருவோம். ஃபாவ்ரே லூபா 1737ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கூறும் சுவிட்சர்லாந்து நிறுவனம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்தியாவில் வாணிகம் தொடங்கிற்று. சாவி கொடுக்கும் 'சீ சீஃப்', 'சீ கிங்' ஆகிய கடிகாரங்கள் நம் நாட்டில் மாப்பிள்ளைக் கைகளில் ஏராளமாக ஏறின. அவை மழைத்துளிக்கும் வியர்வைக்கும் ஈடுகொடுக்கலாம். ஆழ்கடலுக்கென ஆனவை அல்ல. தந்தையாரின் அச்சம் நியாயமே. ஆனால் அதே நிறுவனம் 1968இல் 'பாத்தி' என்னும் மெய்யான மூழ்கு கடிகாரத்தையும் செய்தது. பின்மூடியின் துளைகள் வழியாக நீர் ஒரு மெல்லிய தகட்டை அழுத்த, அவ்வழுத்தம் ஒரு முள்ளை நகர்த்தி ஆழத்தையே காட்டும்! 2011இல், தமிழ்நாட்டரசின் டிட்கோவும் டாட்டாவும் கூடி 1984இல் தொடங்கிய ஓசூர் டைட்டான் நிறுவனம், இந்த ஃபாவ்ரே லூபாவையே விலைக்கு வாங்கிற்று. பின்னர் அது வேறு கை மாறிவிட்டது. எனினும் நமக்கு அண்டையிலுள்ள ஓசூரின் கையில் சில ஆண்டுகள் அக்கடலரசன் இருந்தான் என்பது எனக்கு உவகை தருவது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையுடன் 1961இல் பெங்களூரில் பிறந்த எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தையோ, மூடுவதற்கு 2016இல் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இன்று பழைய மூழ்கு கடிகாரங்களைத் தேடித் திரட்டுவோர் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் விரும்புவது புதுமையை அன்று, கலப்பற்ற பழமையை. கறுப்பு முகப்பு வெயிலில் வெளிறிப் பழுப்பானால், நாம் கெட்டுவிட்டது என்போம். அவர்கள் அதற்கே மிகுதியாய் விலை கொடுப்பர். அவர்களுடைய சோதனை ஒன்றினை இங்குக் கூறுவது பயன்படும். இருளில் ஒளிர்வதற்கு முற்காலத்தில் ரேடியமும், 1960களிலிருந்து டிரிட்டியமும் எண்களில் தடவினர். டிரிட்டியத்தின் ஆற்றல் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எனவே 1965இல் செய்த கடிகாரம் இன்றிரவு பளிச்சென ஒளிருமாயின், யாரோ அண்மையில் வண்ணம் பூசியிருக்கின்றனர் என்க. ரேடியம் பூசியவற்றைத் திறந்து சுரண்டுதல் கூடாது. அத்துகள் உடலுக்குக் கேடு. பழைய மூழ்கு கடிகாரத்தை அணிந்து நீரில் இறங்குவதும் கூடாது. உள்ளிருக்கும் இரப்பர் இறுகிப் போயிருக்கும்.

இவற்றையெல்லாம் நான் காலங்கடந்தே கற்றேன். தந்தையார் மறைந்தபின், நின்றுபோன கடலரசனை அண்டை நகரத்துக் கடையொன்றில் பழுதுபார்க்கக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துப் பெற்றபோது கண் கூசிற்று. மஞ்சள் பாய்ந்த வெண்முகப்பு, கருநீலமாய் மின்னியது. எழுத்துகள் சற்றுக் கோணலாகப் புதிதாய் அச்சிடப்பட்டிருந்தன. இல்லாத செந்நிறக் குறிகளும் தோன்றி, மூழ்குவோர் கடிகாரம் போல வேடம் பூண்டிருந்தது. மேலுறையைத் தேய்த்து, தந்தையார் கையில் பட்ட கீறல்கள் அனைத்தையும் நீக்கியிருந்தனர். "புதுசு மாதிரி ஆக்கிட்டேன் சார்" என்றார் கடைக்காரர், பெருமையுடன். அவரை நோவதற்கில்லை, பழையதைப் பழையதாகவே தருக என்று நான் சொல்லவில்லை. இத்தகைய மறுவண்ணக் கடிகாரங்கள் இந்தியாவிலிருந்து வெளிநாட்டுச் சந்தைக்கு மிகுதியாய்ச் செல்வதால், நம் நாட்டுப் பழைய கடிகாரம் என்றாலே திரட்டுவோர் ஐயுறும் நிலை வந்துள்ளது.

நம் குடியிருப்பிலும் எத்தனையோ இல்லங்களில் பாட்டனார் கடிகாரம் பீரோவின் ஓர் அறையில் உறங்குகின்றது. பழுதுபார்க்கக் கொடுப்போர், எந்திரத்தை மட்டும் துடைத்து எண்ணெய் இடுமாறும், முகப்பைத் தொடாதிருக்குமாறும் சொல்லிக் கொடுக்கவும். அதனை யார், எப்போது, எங்கு வாங்கினார் என்பதனை ஒரு சிறு தாளில் எழுதி உடன் வைக்கவும். கடையில் தந்த சீட்டு இருப்பின் எறியற்க.

சென்ற ஆண்டு வேறொரு பழுதுபார்ப்பவர் என் கடலரசனின் பின்மூடியைத் திறந்து காட்டினார். கடிகாரம் பழுதுபார்ப்போர், தாம் திறந்த நாளையும் தம் குறியையும் மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறி வைப்பது வழக்கம். பூதக்கண்ணாடி வழியே பார்த்தேன். நான்கு வெவ்வேறு கைகளின் கீறல்கள் இருந்தன. புதுப்பித்தவர் அவ்விடத்தைத் தேய்க்கவில்லை.