குறட்டையும் சோம்பலும்: ஊவாத் தோட்டங்களின் உறக்கம் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

குறட்டை நெடுங்காலமாக நகைச்சுவைக்கு உரிய பொருளாகவே இருந்து வந்துள்ளது. இராமாயண மரபிலே கும்பகருணனை எழுப்பச் சென்றோரை அவனது உறக்க மூச்சே அண்டவிடாது தள்ளுகிறது, கேட்போர் சிரிக்கின்றனர். ஆங்கில இலக்கியத்தில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்க பாத்திரம், சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1836-37இல் தொடராக வெளியிட்ட 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் வரும் பருத்த சிறுவன் ஜோ ஆவான். நின்றபடியே உறங்குவான், பந்தியில் பரிமாறும் வேளையிலும் குறட்டை விடுவான். அவனுடைய எசமானர் அவனைக் கடிந்துகொள்வதோடு, காணக்கிடைக்காத விந்தையாகப் பிறருக்குக் காட்டி மகிழவும் செய்கிறார். ஜோவின் பருமன் வாசகருக்கு நினைவிருக்கும் அளவுக்கு அவன் ஒரு வேலைக்காரன் என்பது நினைவிருப்பதில்லை. நாவலிலே நகைப்புக்கு இடமாவது, உழைக்க வேண்டிய நேரத்தில் உழைப்பாளி ஒருவன் உறங்கிவிடுவதே என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளின் பின்னர், 1956இல், பேர்வெல் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதிய கட்டுரையில் 'பிக்விக் நோய்க்குறி' என்னும் பெயரை நிலைநிறுத்தினர். அந்நோயாளி 51 வயதான ஒரு வணிக நிர்வாகி. வாரந்தோறும் சீட்டாடும் வழக்கமுடையவர். ஒருநாள் கையில் மூன்று ஆசும் இரண்டு ராசாவும் வந்து சேர்ந்திருந்தும், அவற்றை ஆடாமலே உறங்கிப்போனார். தமக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று அவர் வைத்தியசாலைக்குச் சென்றது அதன் பின்னரே. நோய்க்குப் பெயர் தந்தவன் வேலைக்காரச் சிறுவன். அதனை நோயென ஏற்கச் செய்தவர் நிர்வாகி. முன்னவனின் உறக்கம் கேலிக்குரியது, பின்னவரின் உறக்கம் சிகிச்சைக்குரியது. மருத்துவ அறிவின் வளர்ச்சியில் வர்க்கம் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு எளிதிற் கிடையாது.

அதன் பின்னர் ஆய்வு விரைந்தது. 1965இல் பிரான்சில் கஸ்தோ குழுவினரும் ஜேர்மனியில் யுங், கூலோ ஆகியோரும், இத்தகைய நோயாளரின் மூச்சு உறக்கத்தில் மீண்டும் மீண்டும் நின்றுபோவதைத் தனித்தனியே பதிவு செய்தனர். 1976இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கில்லமினோ குழுவினர், பருமனற்றவரிடத்தும் இது நிகழும் என்பதைக் காட்டி 'உறக்க மூச்சுத்தடை நோய்க்குறி' என்னும் கருத்தை வகுத்தனர். 1981இல் சிட்னியில் கொலின் சலிவன், மூக்கின் வழியே இடையறாத காற்றழுத்தத்தைச் செலுத்தும் கருவியை ஐந்து நோயாளரிடம் பயன்படுத்தி வெற்றி கண்டார்.

நிகழ்வது யாதெனில், உறக்கத்திலே தொண்டைத் தசைகள் தளர, நாவின் அடியும் மெல்லண்ணமும் சரிந்து மூச்சுவழியை அடைக்கின்றன. பத்து விநாடியோ அதற்கு மேலோ காற்று நின்றுவிட, குருதியில் ஒட்சிசன் குறைகிறது. மூளை திடுக்குற்று விழிக்க, பெருமூச்சோடு காற்று திரும்புகிறது. மணிக்கு ஐந்து தடவைக்கு மேற்படின் அது கணக்கில் எடுக்கப்படும். முப்பதுக்கு மேற்படின் கடுமையானது. உறங்குபவர் இதனை அறியார். பகலிலே அவர் அறிவது களைப்பையும் காலைத் தலைவலியையும் கண் சொருகுதலையும் மாத்திரமே. ஆண்டுக்கணக்கில் தொடருமிடத்து இரத்த அழுத்தமும், இருதய நோயும், பக்கவாதமும் வரும் வாய்ப்பு மிகுகின்றது. இயந்திரத்தோடும் வாகனத்தோடும் தொழில் புரிவோருக்கு விபத்து வேறு.

இந்நோயை எண்ணிக் கணக்கிட்டோர் யாரை எண்ணினர் என்பது அடுத்த வினா. 1993இல் வெளியான புகழ்பெற்ற விஸ்கொன்சின் ஆய்வு, 30 முதல் 60 வயது வரையான ஆண்களில் நூற்றுக்கு நால்வருக்கும் பெண்களில் இருவருக்கும் பகலுறக்கத்தோடு கூடிய மூச்சுத்தடை இருப்பதாகக் கண்டது. எண்ணப்பட்டோர் அம்மாநில அரசாங்க ஊழியர்கள். பம்பாயில் உத்வாடியா குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு, நகர்ப்புற ஆண்களில் 7.5 வீதம் என்றது. அங்கு எண்ணப்பட்டோர் வழக்கமான உடற்பரிசோதனைக்கென வைத்தியசாலைக்கு வந்தோர். உடல்நலத்தோடு இருக்கையிலேயே உடலைப் பரிசோதிக்கச் செல்வோர் எவ்வகுப்பினர் என்பதை விளக்க வேண்டியதில்லை. உலகெங்கும் 30 முதல் 69 வயது வரையானோரில் 93 கோடிக்கு மேற்பட்டோருக்கு இது இருக்கக்கூடும் என 2019இல் மதிப்பிடப்பட்டது. இது தின்று கொழுத்தோர் நோய் என்னும் எண்ணம் இனியும் நிலைக்க இடமில்லை. ஆயினும் முற்போக்காளர் பலரிடத்தும் அவ்வெண்ணம் இன்னும் உறைந்திருப்பதை நாம் காண்கின்றோம்.

இப்பின்னணியில் ஊவாவை நோக்குவோம். வெலிமடையில் வயலும் உருளைக்கிழங்குப் பாத்தியும் கிராமத்தவருடையன. மேலே சரிவுகளில் தேயிலை, அதனிடையே லயங்கள். 'பிக்விக் பேப்பர்ஸ்' தொடராக வெளிவந்த அதே ஆண்டுகளில்தான் இலங்கை மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகலாயின. கோப்பி பருவப் பயிர். தமிழகத்திலிருந்து நடந்து வந்தோர் பழம் பறித்துவிட்டுத் திரும்பினர். அவர்கள் சில மாதம் படுத்தெழுவதற்கென அமைக்கப்பட்டதே லயம். 1869இல் இலைநோய் தோன்றி, அடுத்த இரு தசாப்தங்களிற் கோப்பி அழிந்தது. அதனிடத்தைப் பெற்ற தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து தருவது. ஆண்டு முழுதும் கைகளை வேண்டுவது. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பக்கத்துத் தம்பத்தென்னையை வாங்கிய காலத்தில், தொழிலாளர் குடும்பத்தோடு நிலைகொள்ளத் தொடங்கியிருந்தனர். பயிரோடு வாழ்க்கையும் மாறியது. காம்பிரா மாத்திரம் மாறவில்லை. பருவகாலத்துப் படுக்கையிடம் பரம்பரை வீடாயிற்று. அடுப்பும் அதற்குள் வந்தது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது வழக்கமான அளவு. ஒரு கதவு, பலவற்றிற் சன்னல் இல்லை. வெலிமடையின் உயரத்தில் மார்கழி, தை இரவுகள் கடுங்குளிரானவை. ஆடி, ஆவணியில் வீசும் வரண்ட கச்சான் காற்றோ ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணத்தைத் தேடித் தருவது. அதே காற்று கூரைத் தகரத்தின் இடுக்கால் படுக்கைக்கும் வருகிறது. ஆதலாற் கதவு அடைக்கப்படுகிறது. விறகுப் புகை உள்ளேயே தங்குகிறது. புகையினால் மூக்கும் தொண்டையும் அழன்று வீங்குமிடத்து மூச்சுவழி ஒடுங்கும். ஒடுங்கிய வழி உறக்கத்தில் எளிதில் அடைபடும். பேரு நாட்டின் அந்தீஸ் மலைக் கிராமங்களில் நிகழ்ந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, புகை குறைந்த அடுப்பைத் தொடர்ந்து பயன்படுத்திய வீடுகளில் பிள்ளைகளின் குறட்டை முதலிய உறக்கக் குறைகளும் சுவாசக் குறைகளும் தணிந்ததைக் காட்டியது. மலை, குளிர், விறகு, ஒற்றை அறை என்று நோக்கின் அந்தீஸ் ஊவாவிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

தொழிற்சாலையின் பங்கும் உண்டு. தேயிலைத் தூசு தரும் இழுப்பு நோயை 1970இலும், தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்களை 1980இலும் இலங்கை மருத்துவர் சி. ஜி. உரகொட ஆய்ந்து எழுதினார். நாட்பட்ட நுரையீரல் நோயும் உறக்க மூச்சுத்தடையும் ஒருவரிடத்தே சேருமிடத்து இரவின் ஒட்சிசன் வீழ்ச்சி மேலும் கொடிதாகும் என்பதை 1985இல் எடின்பரோவைச் சேர்ந்த பிளென்லி எடுத்துக்காட்டினார். இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியது இலங்கை ஆய்வாளரின் கடன்.

உறக்கத்தின் அளவு வேறொரு பிரச்சினை. விடியுமுன் தப்பொலி எழுப்ப, பெரட்டுக்களத்தில் வந்து நிற்க வேண்டும் என்பது தோட்டத்தின் பழைய ஒழுங்கு. பெண்ணுக்கோ தப்புக்கு முன்னரே அடுப்பு எழுப்பும். பிந்தினால் கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்புவார். கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. பகலில் ஒருவர் சோர்ந்தார் என்பதற்கு நிர்வாகத்தின் ஏட்டில் இருந்த விளக்கம் ஒன்றே: சோம்பல்.

அச்சொல்லின் வரலாறு கவனத்துக்குரியது. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தினர் இலங்கைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். அதற்கு முன்னரே அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் அப்புழு 'சோம்பற் கிருமி' எனப் பெயர் பெற்றிருந்தது. ஏழை வெள்ளையரின் சோம்பல் என்று கருதப்பட்டது குருதிச் சோகை என நிறுவப்பட்டது. அறிவின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் தோட்டத் துரைமாரை அத்திட்டத்துக்கு இணங்கச் செய்த வாதங்களுள் முதன்மையானது, புழு நீங்கிய தொழிலாளி கூடுதலாக உழைப்பான் என்பதாகும். குணமாக்குவதற்குக் காரணம் உழைப்பே ஆனமையால், மருந்து கொடுத்து முடிந்ததும் விசாரணை முடிந்தது. சோகை நீங்கியும் சோர்ந்திருந்தவன் மறுபடியும் சோம்பேறியானான். 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியபோது, தேசத்தின் நலம் பற்றிய கணக்கிலிருந்தும் அவர்கள் விலக்கப்பட்டனர் என்பதை இதனோடு சேர்த்து நோக்குதல் பொருந்தும். 1975இன் தேசியமயமாக்கமும் 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்கு மாறியமையும் துரைமாரை மாற்றின. காம்பிராவின் அளவை மாற்றவில்லை.

தோட்டத் தொழிலாளியின் களைப்பு முழுவதற்கும் மூச்சுத்தடையே காரணம் என்று நாம் கூறவில்லை. போசாக்கின்மை, சோகை, மிகை உழைப்பு, மது ஆகிய யாவும் உள்ளன. இவற்றுள் மது, தொண்டைத் தசையை மேலும் தளர்த்தித் தடையை மிகுவிக்கும். நாம் கூறுவது, பிறரிடத்தில் நோய்க்குறியாகக் கொள்ளப்படும் ஒன்று இங்கே குணக்குறையாகக் கொள்ளப்படுகிறது என்பதே. நோயறியும் கருவிகளும் இப்பாகுபாட்டிலிருந்து விடுபட்டவையல்ல. மெல்போணில் முறே ஜோன்ஸ் 1991இல் வகுத்த எப்வேர்த் அளவுகோல் உலகெங்கும் கையாளப்படுவது. எட்டு வினாக்கள். வாசித்துக்கொண்டிருக்கையில் உறங்குவீரா? தொலைக்காட்சி பார்க்கையில்? அரங்கிலோ கூட்டத்திலோ அமர்ந்திருக்கையில்? மோட்டார் வண்டியிற் பிரயாணியாக ஒரு மணிநேரம் செல்கையில்? பிற்பகலில் ஓய்வாகச் சாய்ந்திருக்கையில்? முதுகிற் கூடையோடு சரிவில் நின்றே நாளைக் கழிக்கும் பெண்ணிடம் இவ்வினாத்தாளை நீட்டினால் பெரும்பாலானவற்றுக்கு அவளிடம் விடையிராது. கூட்டிப் பார்க்க, பூரண சுகம் என்று வரும். அமெரிக்க விஸ்கொன்சினிலேயே, நடுத்தரமும் கடுமையுமான மூச்சுத்தடை உடைய பெண்களில் 93 வீதத்தினர் கண்டறியப்படாதிருந்தனர் என 1997இல் மதிப்பிடப்பட்டது.

நமது இலக்கியம் இவ்விடயத்தில் மருத்துவத்துக்கு முந்திக்கொண்டது எனலாம். ஊவா மண்ணிற் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் (1934-2022) 'மீன்கள்' என்னும் சிறுகதை, குடும்பம் முழுவதும் ஒற்றைக் காம்பிராவில் உறங்க நேர்வதன் அவலத்தையே கருவாகக் கொண்டது. விமரிசகர் பலர் அதனைப் பாலியல் ஒழுக்கச் சிக்கலாக மட்டும் வாசித்தனர். இரவு என்பது உழைப்புச் சக்தி மீள உருவாகும் வேளை; அவ்வேளைக்கு எத்தனை சதுர அடி ஒதுக்கப்பட்டது என்னும் பொருளாதார வினாவும் அக்கதையில் உண்டு.

சலிவனின் கருவிக்கு விலையோடு தடையற்ற மின்சாரமும் வேண்டும். பயன்படுத்துவோரின் பகலுறக்கத்தை அது திண்ணமாகக் குறைக்கிறது. இருதய நோயை ஏற்கெனவே உடையோர் 2,700 பேர் வரையில் கொண்டு நடத்தப்பட்டு 2016இல் வெளியான பெரும் பரிசோதனையிலோ, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அது குறைத்ததாகத் தெரியவில்லை. இறக்குமதி செய்த பெட்டியொன்றால் தோட்டத்தின் உறக்கம் சீர்ப்படும் என்று காத்திருப்பதற்கில்லை. வினாத்தாளை முதலில் இங்கே புதிதாக எழுத வேண்டும். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கையிற் கண் சொருகுகிறதா? லொறியின் பின்தட்டில் நின்று வருகையில்? காலையில் தலைவலியோடு பெரட்டுக்குப் போவதுண்டா? பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஒரு காம்பிராவின் குறட்டையும், அது திடீரென நிற்பதும் அடுத்த காம்பிராவிற் கேட்கும். ஆகவே உறங்குபவரின் மனைவியிடம் மாத்திரமன்றிச் சுவருக்கு அப்பால் உள்ளவரிடமும் கேட்க வேண்டும். இறுதியாக, அடுப்பிலிருந்து பாய் எத்தனை அடி என்பதை அளந்து எழுத வேண்டும்.