ஆங்கில வகுப்பும் அதன் சோதனையும்

இலங்கையில் ஆங்கிலக் கல்வி பரவிய வரலாறு பலகாற் பேசப்பட்டதொன்று. மிஷனரிமார் வந்தனர், கல்லூரிகள் எழுந்தன, உத்தியோகங்கள் கிடைத்தன என்று அதனை மூன்று வாக்கியங்களிற் சுருக்கிவிடுவாரும் உளர். ஆயின், ஆங்கிலம் என்னும் பாடம் வகுப்பறையின் உள்ளே எவ்வாறு வாசிக்கப்பட்டது, எவ்வாறு சோதிக்கப்பட்டது, சோதித்தவர் யாவர் என்னும் வினாக்களைக் கேட்போர் குறைவு. மாணவன் ஒருவன் புத்தகத்தைக் கையில் எடுத்தது எதற்காக என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. வாசிப்புக்காகச் சோதனையா, சோதனைக்காக வாசிப்பா என்பது இந்நாட்டு ஆங்கில வகுப்பிலே இருநூறு ஆண்டுகளாகத் தீராதிருக்கும் வழக்கு.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816 ஆம் ஆண்டில். ஊர்தோறும் தமிழ்ப் பாடசாலைகளைத் தொடங்கிய அவர்கள், 1823 இல் வட்டுக்கோட்டையிலே உயர்தரக் கல்விக்கென ஒரு செமினரியை நிறுவினார்கள். அதன் முதல் அதிபர் டானியல் பூவர். கணிதம், வானசாத்திரம், தருக்கம் முதலியவற்றை ஆங்கில நூல்களின் வாயிலாகக் கற்பிப்பதோடு, தமிழிலக்கணத்தையும் தமிழிலக்கியத்தையும் அங்கே முறையாகப் படிப்பித்தனர். வடமொழிக்கும் பாடத்திட்டத்தில் இடமிருந்தது. பிறதேசத்திலிருந்து வினாத்தாள் வரும் வழக்கம் அக்காலத்திற் கிடையாது; கற்பித்தவரே சோதித்தனர். ஆங்கில வாசகம் அங்கே கருவியாகவே இருந்தது. அக்கருவியைக்கொண்டு நியூட்டனின் வானியலைப் படித்த மாணவன், அதனைத் தன் ஊரவருக்குத் தமிழிலே சொல்லவேண்டியவனாகவும் இருந்தான். 1841 இல் தோன்றிய ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகை தமிழும் ஆங்கிலமுமாக வெளிவந்தது. செமினரியிற் கற்றவர்களே அதன் முதற் பத்திராசிரியராயினர்.

செமினரியின் பயனை அளக்க விரும்புவோர் அங்கே கற்ற இருவரைப் பார்த்தாற் போதும். சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். பட்டம் பெற்ற தாமோதரம்பிள்ளை செய்தது யாது? ஏட்டுச்சுவடிகளைத் தேடினார், பாடபேதங்களை ஒப்புநோக்கினார், 1887 இற் கலித்தொகையை அச்சிற் பதிப்பித்தார். ஒரு மூலத்தைச் சொல்லுக்குச் சொல் நிறுத்து ஆராயும் அவருடைய பழக்கத்திலே பழைய தமிழ் உரைகாரரின் பங்கும் உண்டு, வட்டுக்கோட்டை வகுப்பறையின் பங்கும் உண்டு.

அத்தகைய செமினரி 1855 ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து மிஷன் சங்கத்தின் காரியதரிசியாகிய ரூபஸ் அண்டர்சன் தூதுக்குழுவோடு வந்து நிலைமையைப் பார்வையிட்டார். ஆங்கிலம் கற்ற இளைஞர் சமய ஊழியத்துக்கு வருதலைவிட்டு அரசாங்க உத்தியோகத்தையே நாடுகின்றனர். ஆகவே இனித் தாய்மொழிக் கல்வியே மிஷனின் வேலை என்பது முடிபாயிற்று. அம்முடிபிலே நியாயம் இல்லாமலில்லை; ஆயினும் ஊரவர் ஆங்கிலத்தைக் கைவிடச் சம்மதித்தாரல்லர். 1872 இலே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி மீண்டும் எழுந்தது அதற்குச் சான்று.

தென்னிலங்கையிலே அரசாங்கம் நேராகவே இவ்விஷயத்தில் இறங்கியிருந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுகளுக்கு 1833 இல் அங்கீகாரம் கிடைத்தபின், ஆங்கிலம் ஆட்சிக்குரியோரை ஆக்கும் மொழியாயிற்று. ஜோசப் மார்ஷ் பாதிரியார் நடத்திய பள்ளியை 1836 இல் அரசாங்கம் பொறுப்பேற்றுக் கொழும்பு அக்கடமி ஆக்கியது. பிற்காலத்து றோயல் கல்லூரி அதுவே. இங்கிலாந்துப் பல்கலைக்கழகமொன்றுக்குச் சென்று கற்பதற்கான அரசாங்கப் புலமைப்பரிசிலை 1870 இலே பெற்றவர் அவ்வக்கடமி மாணவராகிய பொன்னம்பலம் அருணாசலம். ஒரு சோதனையிலே முதன்மை பெற்றவன் கடல் கடந்து கேம்பிரிட்ஜ் போகலாம் என்ற செய்தி எத்தனை வீடுகளிலே எண்ணெய் விளக்குகளை நள்ளிரவுவரை எரியச் செய்திருக்கும்!

ஆயினும், ஆங்கில வகுப்பின் உருவத்தை முதலில் மாற்றியது புலமைப்பரிசில் அன்று; பணமே. 1869 இற் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தது. அதனை அடுத்து, உதவி பெறும் பாடசாலைகளுக்குச் ‘சித்திக்கேற்ற நன்கொடை’ என்னும் ஏற்பாடு வந்தது. இங்கிலாந்திலே 1862 இற் புகுத்தப்பட்ட முறையின் சாயல் இது. ஆண்டுக்கொருமுறை வித்தியாதரிசி வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் செய்வார், எழுதச் செய்வார், கணக்குக் கொடுப்பார். சித்தியெய்திய பிள்ளைகளின் தொகையைப் பொறுத்துப் பாடசாலைக்குப் பணம் வரும். ஆங்கிலப் பாடசாலைக்கு வீதம் அதிகம். தாய்மொழிப் பாடசாலைக்குக் குறைவு.

இதன் விளைவை ஊகித்தல் எளிது. பரிசோதனை நாளிலே பிள்ளை தடங்கலின்றி வாசிக்கவேண்டும். வாசிக்காவிடின் உபாத்தியாயரின் சம்பளத்துக்கே குறைவு நேரலாம். ஆகவே ஒரே வாசகப் புத்தகத்தை ஆண்டு முழுவதும் திருப்பித் திருப்பி வாசிப்பித்துப் பாடமாக்குவித்தனர். இங்கிலாந்திலே வித்தியாதரிசியாகப் பணிபுரிந்த புலவர் மத்தியூ ஆர்னோல்ட், இம்முறை கல்வியை உயிரற்ற இயந்திரமாக்குகின்றது என்று தம் அறிக்கைகளில் ஓயாது கண்டித்துவந்தார். இங்கோ, ஆங்கிலம் எவருடைய வீட்டுமொழியும் அன்று. கேடு அதனால் இரட்டிப்பாயிற்று. பக்கத்தை மனனமாக ஒப்புவிக்கும் பிள்ளைக்கு அப்பக்கத்தில் உள்ள ஒரு சொல்லைத் தனியே எடுத்துக் காட்டினால் தெரியாது.

இதற்கு மேலாக 1880 இலே வந்தது கேம்பிரிட்ஜ் சோதனை. அதன் பிறப்பை அறிந்தால் அதன் தன்மை விளங்கும். 1858 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இங்கிலாந்தின் நடுத்தரப் பாடசாலைகளை உயர்த்தும் நோக்கத்தோடு, எட்டு நகரங்களிலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நடத்தத் தொடங்கிய சோதனை அது. பதினாறு வயதுக்கு உட்பட்டோர்க்கு ஜூனியர், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர்க்கு சீனியர். உரக்க வாசித்தல், சொல்வதெழுதுதல், இலக்கணப் பாகுபாடு, கட்டுரை என்பன அதன் தொடக்க அங்கங்கள். ஆங்கிலமே தாய்மொழியாகிய பிள்ளைகளுக்கென ஆக்கப்பட்ட அச்சோதனை சில ஆண்டுகளிற் கடல் கடந்தது. 1863 இல் திரினிடாட் தீவினர் வேண்டியதே அதற்குத் தொடக்கம். இலங்கையில் அது வேரூன்றியதுபோல வேறெங்கும் வேரூன்றியதோ என்பது ஐயமே.

வினாத்தாள்கள் அங்கே அச்சாகி, முத்திரையிடப்பட்ட பொதிகளிற் கப்பலேறி வந்தன. விடைத்தாள்கள் மீண்டும் கப்பலேறிச் சென்றன. திருத்துபவர் இந்நாட்டுப் பிள்ளையின் முகத்தைக் கண்டவரல்லர். பிள்ளையின் ஆசிரியரும் திருத்துபவரை அறியார். வாரங்கள் பல கழிந்து முடிவு வரும்வரை குடும்பம் காத்திருக்கும்.

அச்சோதனைக்குரிய வகுப்பிலே நடந்த வேலை என்ன? குறித்த ஆண்டுக்கென ஒரு சேக்ஸ்பியர் நாடகம் விதிக்கப்படும். அந்நாடகத்தின் குறிப்புரைப் பதிப்பொன்றை, பெரும்பாலும் கேம்பிரிட்ஜ் அச்சகத்தார் வெளியிட்ட வெரிற்றி என்பாரின் பதிப்பை, மாணவன் வாங்குவான். மூலம் பாதி, குறிப்பு பாதி. வினா வருவது குறிப்பிலிருந்து என்பதை அனுபவத்தால் அறிந்த ஆசிரியர் குறிப்பையே முதலிற் பாடமாக்கச் சொல்வார். இவ்வடியைக் கூறியவர் யார், யாருக்குக் கூறினார், எச்சந்தர்ப்பத்திற் கூறினார் என்ற வினாவுக்கு விடை ஆயத்தமாக இருக்கும். நாடகத்தை முழுவதும் ஒருமுறை கதையாக வாசித்து மகிழ்ந்தவன் வகுப்பில் இருவரோ மூவரோ. இலக்கணத்துக்கு நெஸ்பீல்ட் என்பாரின் நூல். இந்தியாவிலே கல்வி உத்தியோகத்தராக இருந்து அவர் எழுதிய அந்நூலின் பயிற்சிகள் வீட்டுவேலையாக விதிக்கப்படும். வசனத்தைக் கூறுகூறாக்கி, எழுவாய் யாது, பயனிலை யாது என்று கோடிட்ட கட்டங்களில் நிரப்புதலும், செய்யுட் பகுதியை வசனநடையில் விரித்தெழுதுதலும், நீண்ட பந்தியைச் சுருக்குதலும் மாறிமாறி நடைபெறும்.

இவை யாவும் தமிழ்ப் பிள்ளைக்கு முற்றிலும் புதியன என்று எண்ணலாகாது. திண்ணைப் பள்ளியிலே நிகண்டை நெட்டுருப் பண்ணியவனின் பேரன் இவன். பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு என்பனவற்றின் சுவடு அவன் வீட்டிலே இருந்தது. ஆங்கிலச் செய்யுளை விரித்தெழுதச் சொன்னபோது பொழிப்புரை எழுதுகிறோம் என்றே கருதியிருப்பான். யாழ்ப்பாணத்து மாணாக்கர் இத்தகைய சோதனைகளிற் சிறந்து விளங்கியமைக்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. புலவரிடம் கந்தபுராணம் கேட்டவன் அதைக் கோயிலிலே புராணபடனத்தின்போது மறுபடியும் கேட்பான். ஊரார் பயன் சொல்லக் கேட்பான். பாட்டு அவனோடு கூடவே முதிர்ந்தது. டிசம்பர் மாதச் சோதனை முடிந்த மறுநாள் அவனுடைய சேக்ஸ்பியர் நூல் தம்பியின் கைக்கு மாறியது. அல்லது அரைவிலைக்கு விற்கப்பட்டது.

இவ்வளவு பாடுபட்டது எதற்கு என்று கேட்பது பேதைமை. சித்திப் பத்திரம் கைக்கு வந்தால் எழுதுவினைஞர் உத்தியோகத்துக்கு வழி திறந்தது. இங்கே இடமில்லாவிடின் மலாயா இருந்தது. அந்நாட்டுப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் யாழ்ப்பாணத்தார் நிறைந்தனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் கல்வீடுகள் எழுந்தன, தங்கைமார் மணம் முடித்தனர், ஊர்ப் பாடசாலைகளும் வளர்ந்தன. கேம்பிரிட்ஜ் சோதனையை ஏளனம் செய்வோர் இதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். ஆனால் அவ்வாயில் எல்லார்க்கும் திறந்ததன்று. தாய்மொழிப் பாடசாலையிலே கட்டணம் இல்லை. ஆங்கிலப் பாடசாலையிலே மாதந்தோறும் கட்டணம். நிலத்தை ஈடுவைத்து மூத்தவனைப் படிப்பித்தவர்கள் இளையவனைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

எதிர்ப்பும் எழாமலில்லை. 1905 இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தோற்றுவித்த ஆனந்த குமாரசுவாமி, தாய்மொழியையும் நாட்டின் கலைகளையும் அறியாத கல்வி கல்வியாகாது என்று வாதிட்டார். நாட்டுக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்ற இயக்கத்திலும் முன்னின்றார். 1920 களில் ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் நடத்திய யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் தாய்மொழிக்கு ஆதரவாகக் குரலெழுப்பியது. அவர்களிற் பலர் ஆங்கிலத்திலே வல்லவர். ஆசிரியத் தொழிலிலும் இருந்தவர். ஆங்கிலத்தை ஆழ்ந்து வாசித்தவர்களே அதன் தனியாட்சியை முதலில் எதிர்த்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவைத் தலைவராகக் கொண்ட விசேட குழு 1943 இல் அறிக்கை வெளியிட்டது. சட்டசபையில் விவாதிக்கப்பட்டு, 1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் ஒழிந்தது. கிராமங்களில் எழுந்த மத்திய கல்லூரிகளிலே, தந்தை எழுத்தறியாத பிள்ளைகளும் ஆங்கில வாசகப் புத்தகத்தைத் திறந்தார்கள். கேம்பிரிட்ஜ் சோதனையின் இடத்தை நாட்டிலேயே நடத்தப்பட்ட எஸ். எஸ். ஸி. சோதனையும், பின்னர் கல்விப் பொதுத் தராதரப் பத்திரச் சோதனையும் பெற்றன.

அதேவேளை போதனாமொழி மாறிற்று. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி இடம்பெற்றபின், 1953 முதல் ஆறாம் வகுப்பிலிருந்து படிப்படியாக மேலேறியது. இது நேரிய மாற்றம். பிள்ளை சரித்திரத்தையும் விஞ்ஞானத்தையும் விளங்கிப் படிக்கத் தொடங்கிற்று. ஆங்கிலமோ பாடங்களுள் ஒன்றாகச் சுருங்கி, கிழமைக்குச் சில பாடவேளைகளில் அடங்கிற்று. எல்லார்க்கும் ஆங்கிலம் என்று விதித்தபோது, எல்லார்க்கும் கற்பிக்க ஆசிரியர் இருக்கவில்லை. நகரத்துக் கல்லூரிகளில் இருந்தனர். வன்னியிலும் மலைநாட்டுத் தோட்டங்களிலும் பிள்ளைகள் ஆசிரியரின்றியே சோதனை மண்டபத்துக்குச் சென்றனர். வினாத்தாளை இப்போது ஆக்கியவர் இந்நாட்டவரே, திருத்தியவரும் இந்நாட்டவரே. எனினும், சென்ற ஆண்டுகளின் வினாத்தாள்களைக் கட்டாக்கி வைத்துக்கொண்டு, ‘இது வரும், இது வராது’ என்று படிப்பிக்கும் பழக்கம் கேம்பிரிட்ஜ் காலத்திலிருந்து ஒரு மயிரிழையும் விலகவில்லை. வித்தியாதரிசிக்காகப் பாடமாக்கிய பக்கம் போய், மாதிரிக் கடிதமும் மாதிரிக் கட்டுரையும் வந்தன.

2001 இல் உயர்தர விஞ்ஞான வகுப்புகளிலும், 2002 முதல் ஆறாம் தரத்திலும் ஆங்கில மொழிமூலம் விரும்பியோர்க்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆசிரியர் உள்ள பாடசாலைகளே அதனைத் தொடங்க முடிந்தது. சாதாரண தரத்திலே ஆங்கில மொழி எல்லாரும் தோற்றவேண்டிய பாடம். கதை, கவிதை, நாடகம் ஆகியவற்றை முழுமையாக எடுத்து வாசிக்கும் ஆங்கில இலக்கியமோ விருப்பப் பாடம். அதனைக் கற்பிக்கும் வசதி எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. வட்டுக்கோட்டையிலே 1823 இல் வகுப்பின் நடுவில் வைக்கப்பட்ட நூல், விரும்பியவன் மாத்திரம் எடுத்துக்கொள்ளும் பொருளாக இன்று அதன் ஓரத்திலே இருக்கிறது.