டோன்கின் வளைகுடா: ஆதாரம் கேட்ட இருவர்

போர் வேண்டும் என்று அரசு சொன்னதும், வேண்டாம் என்பவரிடம்தான் எல்லோரும் ஆதாரம் கேட்கிறார்கள். உயிர்களைக் கேட்பது அரசு. ஆதாரத்தைக் காட்ட வேண்டியதும் அரசுதான். வியட்நாமில் அமெரிக்கா செய்ததை நாம் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும்.

1964 ஆகஸ்ட் 2 அன்று டோன்கின் வளைகுடாவில் மடாக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியட்நாம் படகுகள் தாக்கின. 4ஆம் தேதி மீண்டும் தாக்குதல் என்று செய்தி போனது. ஆனால் மோசமான வானிலையில் ரேடார் ஏமாற்றியிருக்கலாம், முழுமையாக ஆராயுங்கள் என்று அங்கிருந்த கடற்படை அதிகாரியே தகவல் அனுப்பினார். அரசு பொறுக்கவில்லை. அன்றிரவே அதிபர் ஜான்சன் தொலைக்காட்சியில் பதிலடியை அறிவித்தார்.

மூன்றே நாளில், ஆகஸ்ட் 7 அன்று, அதிபர் விரும்பியபடி படையை இறக்க வழிவிடும் தீர்மானம் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் 416-0. செனட்டில் 88-2. எதிர்த்தவர்கள் வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் க்ரூனிங். போர் அறிவிக்கும் அதிகாரம் அரசியல் சட்டப்படி நாடாளுமன்றத்துக்கே உரியது, அதை அதிபரிடம் தூக்கிக் கொடுக்கக் கூடாது என்றார் மோர்ஸ். வட வியட்நாம் கரையில் நடந்துவந்த இரகசியத் தாக்குதல்களையும் அவர் சுட்டிக்காட்டினார். 1968இல் இருவரும் பதவி இழந்தார்கள்.

முதல் தாக்குதல் உண்மைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதற்கு ஜான்சன் குண்டு போடவில்லை. குண்டுவீச்சுக்கு அவர் காட்டிய காரணம் இரண்டாவது தாக்குதல். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று அமெரிக்க உளவு நிறுவனத்தின் வரலாற்றாளரே எழுதிய ஆய்வு 2005இல் வெளியானது.

விலை கொடுத்தது யார்? 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரும், பல லட்சம் வியட்நாமியரும் மாண்டார்கள். 1966இல் தேர்வுத் தகுதியைத் தளர்த்தி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் படையில் சேர்த்தார்கள். அவர்களில் ஏழைகளும் கறுப்பின இளைஞர்களும் ஏராளம். சொந்த ஊரில் கிடைக்காத உரிமையைத் தொலைதூர நாட்டில் காக்க அவர்களை அனுப்புகிறோமே என்று 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கில் மார்ட்டின் லூதர் கிங் கேட்டார்.

தோழர்களே, போருக்கான காரணத்தை ஆராய்வதை தேசத்துரோகம் என்பார்கள். 2005இல் வந்த உண்மை யாரையும் உயிரோடு திருப்பித் தரவில்லை. எனவே கேள்வியை நாம் வாக்கெடுப்புக்கு முன்பே கேட்டாக வேண்டும்.