கைப்பிடிக் காராமணி கூறும் வரலாறு

ஏட்டிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துவிட்டால், இயற்கையிலிருந்து அந்த உண்மை ஓடிவிடுமா? ஓடாது என்பதை உலகம் அறியும். எனினும், எடுத்துப் பார்க்கும் ஆசை ஆதிக்கத்தில் இருப்போரை விட்டபாடில்லை.

1859ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், சார்லஸ் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூல் இலண்டனில் வெளிவந்தது. ஓரினத்து உயிர்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. அது வழிவழியாக வரும். பிறப்பவை யாவும் பிழைப்பதில்லை. பிழைக்கத் துணைநின்ற பண்பே அடுத்த தலைமுறையில் பெருகும். இதுதான் இயற்கைத் தேர்வு. பட்டியல் போட்டுப் படைத்தான் ஒருவன் என்ற கதைக்கு இதில் இடமில்லை. கதையால் வாழ்ந்தோர் கலங்கினர்!

1925இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலம், மனிதன் கீழ்நிலை உயிரிலிருந்து வந்தவன் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிப்பதைச் சட்டமியற்றித் தடுத்தது. ஜான் ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் டேட்டன் என்னும் சிற்றூரில் குற்றவாளியாக நிறுத்தப்பட்டார். 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 1927இல் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது; சட்டமோ 1967 வரை சாகவில்லை.

அது அயல்நாட்டுக் கதை என்று அமைதி கொள்ள வழியுண்டா? இல்லை. 2018 சனவரியில், ஒன்றிய அரசின் மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை எவரும் பார்த்ததில்லை. ஆகவே டார்வின் கொள்கை தவறு. பாடத்தை மாற்ற வேண்டும் என்றார். 2023இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமத்தின் 10ஆம் வகுப்பு அறிவியல் நூலில் பரிணாமப் பகுதி நீக்கப்பட்டிருந்தது. அறிவியலாளரும் ஆசிரியருமாக 1,800க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டுக் கண்டித்தனர். சுமை குறைப்பு என்று காரணம் சொல்லப்பட்டது. சுமையாகத் தோன்றியவர் டார்வின்தானா?

பார்த்தவர் யார் என்று கேட்கிறார்களே, பார்த்தவர்கள் உண்டு, எண்ணியவர்களும் உண்டு. 1953இல் பெர்னார்டு கெட்டில்வெல், பர்மிங்காம் நகருக்கு அருகே, புகைக்கரி படிந்த மரங்களுள்ள காட்டில் கறுப்பு அந்துப்பூச்சிகளையும் வெளிர்நிறப் பூச்சிகளையும் குறியிட்டுப் பறக்கவிட்டார். கறுப்பே மிகுதியாகத் தப்பியது. 1955இல் புகை படியாத டார்செட் காட்டில் முடிவு தலைகீழாயிற்று. அவர் முறையில் குறையுண்டு என்று பின்னர் ஐயம் எழுந்தது. மைக்கேல் மஜெரஸ் 2001 முதல் 2007 வரை 4,864 பூச்சிகளைக் கொண்டு மீண்டும் சோதித்தார், உண்மை உறுதியாயிற்று. ஐயம் எழுந்தால் சபிப்பது மதம். மீண்டும் எண்ணிப் பார்ப்பது அறிவியல்!

இந்தச் சோதனையை வகுப்பறைக்குக் கொண்டுவரும் வழியும் பிறந்தது. 1975இல் கலிபோர்னியாவின் விலங்கியல் பேராசிரியர் ராபர்ட் ஸ்டெபின்ஸும் அவர் தோழர் ஆலனும், வண்ணத்துணி மீது வண்ணக் காகிதத் துண்டுகளைத் தூவி, மாணவரையே வேட்டையாடும் உயிர்களாக்கும் விளையாட்டை எழுதி வெளியிட்டனர்.

தோழர்களே! அதற்குக் கலிபோர்னியா வேண்டுவதில்லை. ஒசூரை அடுத்த சானமாவின் செம்மண் போதும். கயிற்றால் ஒரு சதுரம் வளையுங்கள். சிவப்புக் காராமணி 50, வெள்ளைக் காராமணி 50 எண்ணித் தூவுங்கள். ஐந்து பிள்ளைகள் பறவைகள். கண்ணில் முதலில் பட்டதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஆளுக்கு 15 எடுக்கட்டும். 75 போக எஞ்சுவது 25. எஞ்சிய ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் மூன்று குட்டிகள் சேருங்கள், மீண்டும் 100. எஞ்சியவை சிவப்பு 17, வெள்ளை 8 என்று கொண்டால், அடுத்த தலைமுறையில் சிவப்பு 68, வெள்ளை 32. இப்படியே நான்கு தலைமுறை ஆடுங்கள். வெள்ளை அருகுவதைப் பிள்ளைகளே எண்ணிச் சொல்வர்.

பிறகு ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, மறுபடியும் ஐம்பது ஐம்பதாகத் தொடங்குங்கள். இப்போது தழைப்பது வெள்ளை! மண்ணில் வென்ற சிவப்பு, வேட்டியில் தோற்கிறது. அப்படியானால் பிறப்பிலேயே மேலானது எது? கீழானது எது? 1864இல் ஸ்பென்சர் சொன்ன 'தக்கவை பிழைக்கும்' என்ற தொடரைத் தூக்கிக்கொண்டு, வலியோர் ஆள்வதும் எளியோர் மாள்வதும் இயற்கை நீதி என்று உரைத்தார்கள் சிலர். தகுதி என்பது இடத்தையும் காலத்தையும் பொறுத்தது. நெற்றியில் எழுதிவந்த பட்டமன்று என்று அவர்களுக்கு விடை சொல்கிறது கைப்பிடிக் காராமணி.

பயறுக்குச் சரி, உயிருக்கும் இப்படி நடக்குமா என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்கட்டும்! கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக் கூட்டம் இறங்கும் ஊர் சானமாவு. யானையைக் கொண்டே விடை சொல்லலாம். ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தமுண்டு. மொசாம்பிக் நாட்டின் கோரோங்கோசாவில், 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில், தந்தத்துக்காக யானைகள் கொன்று குவிக்கப்பட்டன. நூற்றில் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. பிறவியிலேயே தந்தமற்ற பெண் யானைகள் தப்பின. அவற்றின் பங்கு 18.5 விழுக்காட்டிலிருந்து 50.9 விழுக்காடாக உயர்ந்தது என்று 2021இல் ஆய்வாளர் வெளியிட்டனர். செம்மண்ணில் பறவைக்கண் செய்த வேலையை அங்கே துப்பாக்கி செய்தது.

2019இல் வெளிவந்த தமிழ்நாட்டின் 10ஆம் வகுப்பு அறிவியல் நூலில் பரிணாமத்திற்குத் தனிப்பாடம் இடம்பெற்றது, பாராட்டுவோம். ஆனால், ஒப்பித்த பாடம் தேர்வு முடிந்ததும் உதிரும். ஆணை ஒன்று வந்தால் ஏட்டிலிருந்தும் மறையும். தன் கண்ணால் கண்டு, தன் விரலால் எண்ணிய பிள்ளையிடமிருந்து எந்த ஆணை எதை நீக்கும்? படிப்பகத் திண்ணைக்கும் பள்ளி முற்றத்துக்கும், அடுத்த விடுமுறை நாளில், ஒரு பிடி காராமணியோடு செல்லுங்கள்!